தமிழ் தெரியாத மிஸ்

மாத்தளை ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கண்டியிலிருந்து வந்த அந்தச் சின்ன ரயிலிலிருந்து நான் இரண்டு பெட்டிகளோடு இறங்கியபோது, நடைமேடையில் ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெள்ளைத் தொப்பி, அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை. அட்டையில் பெரிய ஆங்கில எழுத்துகளில் 'வெல்கம் மிஸ்' என்றிருந்தது. என்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் பெருமை. அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

எனக்குப் பின்னால் முதுகுப்பைகளோடு ஒரு வெள்ளைக்கார ஜோடி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நேராக அந்தப் பெண்ணிடம் போய் அட்டையை நீட்டினார். அவர்கள் மகிழ்ந்துபோய், அவரை நடுவில் நிறுத்தி, அட்டையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்கள். அவர் வெறும் அட்டையோடு திரும்பினார்.

"சார், வணக்கம். நீங்க தேடி வந்த ஆளு நான்தான்" என்றேன்.

அவர் முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார்: "மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியுமாவா? தமிழ்லதான் சார் பொறந்தேன்."

"மெதுவா செல்லுங்க மிஸ், மெதுவா!" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். "அல்லாஹ்வே, பேனர் அடிச்சிட்டேனே!"

அவரை ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். 'சொல்லு' என்பது அவர் வாயில் 'செல்லு', 'இருக்கு' என்பது 'ஈக்கு'. கடைத்தெருவில் கராம்பு, ஏலம், மிளகு வாங்கி விற்கும் கடை அவருடையது. கடைக்கு மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இணையத்தில் அவர் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். மூன்று முறை போனில் பேசினோம், மூன்று முறையும் ஆங்கிலத்தில். நான் இந்தியா என்பது அவருக்குத் தெரியும். இந்தியாவில் எந்த மூலை என்று அவர் கேட்கவில்லை. துறையூர் பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரர் மகள் என்று நானாகச் சொல்லவும் இல்லை. இவ்வளவு தெளிவாக ஆங்கிலம் பேசுகிற பெண் டில்லியிலோ பம்பாயிலோதான் இருப்பாள், பார்க்க வெள்ளைக்காரி மாதிரியே இருப்பாள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் மறுபக்கம் எரிச்சலாகவும் இருந்தது.

கடைக்கு வந்து பேனரைப் பார்த்த பிறகு பெருமை போய்விட்டது. மாடிப்படி வாசலில் மூன்று வர்ணத்தில் தொங்கியது: 'வெளிநாட்டு ஆசிரியை! தமிழோ சிங்களமோ ஒரு சொல்லும் அறியாதவர்!'

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. கல்லூரி முடித்து எம்.ஏ. வாங்கி, விமானம் ஏறி இன்னொரு நாட்டுக்கு வந்திருக்கிறேன். என்னுடைய முதல் தகுதியாக, எனக்குத் தெரியாத ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரிந்த ஒன்றை.

ஹாஜியார் ஒரு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு நியாயம் சொன்னார். இதற்கு முன்பு இருந்த ஆசிரியர் உள்ளூர்க்காரர், நல்லவர். ஆனால் பிள்ளைகள் தமிழில் கேட்பார்கள், அவரும் தமிழில் பதில் சொல்வார். இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் ஆங்கிலத்தில் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அதனால்தான் தமிழ் தெரியாத ஆசிரியை.

"மூணு மாசம் மட்டும் மிஸ். மூணு மாசத்துல பெற்றோர் கூட்டம் ஈக்கு. அதுல எல்லாரும் சந்தோஷப்பட்டா ஒங்கட விசாவ நீட்டுறதுக்கு நானே கடிதம் தாரேன். அதுக்கு முந்தி தமிழ் தெரியும்னு தெரிஞ்சா, நான் பொய் சென்னதாப் போகும். புள்ளைகள நிப்பாட்டிடுவாங்க. பொறகு மிஸ்ஸும் ஊருக்குப் போகணும், நானும் மொளகு மட்டும்தான் விக்கணும்."

ஊருக்குப் போவதா? எங்கள் ஊர் டீக்கடையில் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார், என் மகள் வெளிநாட்டில் வெள்ளைக்காரர்களுக்கே இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கப் போகிறாள் என்று. நான் அதைத் திருத்தவில்லை. மூன்று மாதத்தில் பெட்டியோடு போய் அந்த டீக்கடை முன் பஸ்ஸிலிருந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தேன்.

"ஓகே சார்" என்றேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தமிழ் தெரியாது.

ஒரு மொழி தெரியாமல் இருப்பது எவ்வளவு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டர் "முன்னுக்குப் போங்க" என்று கத்தும்போது காலை நகர்த்தாமல் நிற்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் "அக்கா, ஒங்க சீலை கதவுல மாட்டியிருக்கு" என்றால் திரும்பக் கூடாது. திரும்பாததால் நல்ல புடவை ஒன்று கிழிந்தது.

ஒரு நாள் பெருங்காயம் வாங்கக் கடைக்குப் போனேன். அதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஊரே வாசனைச் சரக்கில் மிதக்கிறது, அந்தச் சொல் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து இருவர் வந்தார்கள். மூவரும் என் முன்னாலேயே தமிழில் ஆலோசித்தார்கள்.

"இது வெளிநாட்டுக்காரங்க பாவிக்கிற மருந்தா இருக்கும். பார்மசிக்கு அனுப்புவோம்."

"மருந்து இல்லடா, குளிக்கிற சவர்க்காரம் மாதிரி இருக்கு பேரு."

பெருங்காய டப்பா கடைக்காரர் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. மஞ்சள் நிறம், கொட்டை எழுத்தில் தமிழ். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினேன். "அட, பெருங்காயம்!" என்று மூவரும் சிரித்தார்கள். கடைக்காரர் அதோடு விடவில்லை. "சொல்லுங்க மிஸ்: பெ, ருங், கா, யம்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். நாலாம் வகுப்பில் ஒப்புவித்தல் போட்டியில் பரிசாகக் கிண்ணம் வாங்கிய நாக்கு இது. "பெரன்... கயாம்" என்றேன். "கெட்டிக்காரி!" என்று மூன்று பேரும் கைதட்டினார்கள்.

ஹாஜியார் வீட்டுப் பின்னறையில்தான் தங்கினேன். அவருடைய மனைவிக்கு மட்டும் ரகசியம் தெரியும். சாயங்காலம் அவர் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, "ம், இப்பப் பேசுங்க மிஸ்" என்பார். அன்றைக்குப் பகல் முழுக்கப் பேசாததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுவேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். சில நாள் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வரும், வெங்காயத்தால்தான்.

சனி, ஞாயிறு வகுப்புகள்தான் பெரியவை. மாடியில் வகுப்புக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்ச். பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் வகுப்பு முடியும்வரை அதில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே கடையில் மிளகு புடைக்கும் நாளில் மொத்த வகுப்பும் தும்மும். அதனால் பிள்ளைகள் முதன்முதலில் தடுமாறாமல் பேசிய ஆங்கிலம் 'எக்ஸ்கியூஸ் மீ' தான்.

பெஞ்சில் எப்போதும் முதல் ஆளாக இருப்பவர்கள் இருவர். ஒருவர் டவுனிலேயே சாதிக்காய் வியாபாரம் செய்கிறவரின் மனைவி. பையன் என்னிடம் படித்தான். நல்ல குரல்வளம், இரகசியமே பேசத் தெரியாதவர். இன்னொருவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பன்னிரண்டு வயது மகளோடு ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருவார். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு, அன்றன்றே கிடைக்கும் கூலிக்கு, கொழுந்து எடுக்கப் போகாமல் அவர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அந்த பெஞ்சிலிருந்து நான் கேட்டதுதான்.

ஏனென்றால், எனக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவர்கள் எல்லாவற்றையும் என் காதில் விழப் பேசினார்கள்.

"இந்த மிஸ் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது. ஆனா ரயிலு மாதிரி ஓடுது. பின்னுக்கு இருக்கிற புள்ளைகளுக்கு எப்படிங்கக்கா வெளங்கும்?"

"அது உண்மதான் தங்கச்சி. போர்டுல எழுதுறதும் எறும்பு மாதிரி ஈக்கு. எங்கட மகன் கண்ணாடி போடணும் போல."

நான் முகத்தை மாற்றவில்லை. பாடத்தை முடித்தேன். அடுத்த வாரம் வேகத்தைக் குறைத்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். "மாஷா அல்லாஹ், நான் ஒண்ணும் செல்லாமலே மிஸ்ஸுக்கு எல்லாம் வெளங்குது" என்று ஹாஜியார் வியந்தார். நான் அடக்கமாகச் சிரித்தேன். உள்ளுக்குள், நான் ஒரு ஒற்றன். எதிரி நாட்டில் காது மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒற்றன்.

"மிஸ் வீட்டுப்பாடம் குடுக்குது, திருத்தித் தர மாட்டேங்குது" என்றார்கள். திருத்திக் கொடுத்தேன். "அந்த மூலையில இருக்கிற பொடியன் வாயே தொறக்கிறதில்ல, மிஸ் கவனிக்கிறதும் இல்ல" என்றார்கள். கவனித்தேன். "கழுத்து எலும்பு தெரியுது, ஹாஜியார் ஊட்டுல சோறு போடுறாங்களா இல்லயா?" என்றார்கள். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் மறுவாரம் இடியப்பமும் சம்பலும் ஒரு பார்சல் என் மேசையில் இருந்தது. "மிஸ், ஈட், ஈட்" என்றார் சாதிக்காய் வியாபாரியின் மனைவி, கையால் சாப்பிடுவதுபோல் செய்து காட்டி. இடியப்பம் எப்படிச் சாப்பிடுவது என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். நான் கண்களை விரித்துக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "ஐயோ அக்கா, மிஸ் தலைக்கு நேரா பல்லி நிக்குது. விழுந்துரும்போல" என்று கேட்டது. ஒற்றனுக்கும் பல்லி பயம் உண்டு. ஆனால் நான் துள்ளவில்லை. சுண்ணக்கட்டி எடுக்கப் போவதுபோல நிதானமாக இரண்டடி இடது பக்கம் நகர்ந்தேன். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன். பல்லி எதுவும் விழவில்லை.

முத்துமாரியம்மன் கோயிலில் மட்டும் ஒரு தடவை கால் வழுக்கியது. அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், "என்ன நட்சத்திரம்?" என்றார். "ரோகிணி" என்றேன், கண்ணை மூடிக்கொண்டே. திறந்து பார்த்தால் பக்கத்தில் தேங்காயோடு இரத்தோட்டைக்கார அம்மாவும் மகளும். உடனே நாக்கை மடக்கி, "ரோ...ஹினி?" என்று வெள்ளைக்காரர்போல இன்னொரு தடவை சொன்னேன். அந்த அம்மா எதுவும் கேட்காததுபோல அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாதம் முடியும்போது பெஞ்ச் பேச்சு வேறு மாதிரி ஆனது. ஒரு ஞாயிறு, அந்தத் தோட்டத்து அம்மா யாரையும் பார்க்காமல் படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்:

"எம்புள்ளைக்கு ஏறுதா ஏறலையான்னு எனக்கு என்னக்கா தெரியும்? நான் எழுத்தே பாத்ததில்ல. வாரா வாரம் கூட்டிட்டு வாறேன். யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஏறலன்னா நிப்பாட்டிறலாம்."

அந்தப் பெண்தான் என் வகுப்பிலேயே முதல். மற்றவர்கள் ஒரு வாக்கியத்துக்குத் தத்தளிக்கும்போது அவள் எழுந்து நின்று என்னிடமே கேள்வி கேட்பாள். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடம் போனேன். "யுவர் டாட்டர், வெரி குட், வெரி வெரி குட்" என்று இரண்டு கைகளையும் ஆட்டிச் சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். 'வெரி குட்' என்பதை நான் இடியப்பத்துக்கும் சொல்லியிருந்தேன்.

அன்று சமையலறை ஜன்னல் சாத்தியதும், ஹாஜியாரின் மனைவியிடம் புலம்பினேன். "எங்கம்மாவும் இப்படித்தாங்க என் பள்ளிக்கூட வாசல்ல நின்னாங்க. ஒரு வாத்தியாரும் ஒரு வார்த்தை சொல்லல."

"இன்னும் ஒரு மாசம், நாலு கெழமதானே மிஸ்" என்றார் அவர். "கடிதம் கைக்கு வரட்டும்."

அடுத்த வாரம் சாதிக்காய் வியாபாரியின் மனைவி பெஞ்சில் இடி இடித்தார். "நான் கூட்டத்துல பேசத்தான் போறேன். மிஸ்ஸப் பத்தி எனக்கு ஒரு விஷயம் செல்ல ஈக்கு. எல்லாருக்கும் முன்னுக்குச் செல்லுவேன்." எனக்குக் கையிலிருந்த புத்தகம் நழுவியது. எடுத்து, தட்டி, பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றிலிருந்து எனக்கு டீக்கடை முன் பஸ் இறங்கும் காட்சி அடிக்கடி வந்தது.

பெற்றோர் கூட்டம் ஞாயிறு காலையில் அதே மாடியில் நடந்தது. தடுப்புப் பலகையைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வடை, ரோல்ஸ், பிளேன்டீ. நான் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஹாஜியாரேதான். என் விசாவுக்கான கடிதம் அவருடைய சட்டைப் பையில் மடித்து இருந்தது. காலையிலேயே காட்டியிருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான் தொடங்கினேன். பிள்ளைகள் தினமும் பத்து நிமிடமாவது வீட்டில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "மிஸ் செல்றாங்க, இன்ஷா அல்லாஹ், ஒரு வருஷத்துல ஒங்கட புள்ளைகள் எல்லாம் டீவியில இங்கிலீஷ் செய்தி வாசிப்பாங்களாம்."

கைதட்டல். நான் சிரித்த முகத்தோடு அடுத்ததற்குப் போனேன். பிள்ளைகள் தப்பாகப் பேசினால் வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அதற்குப் பிறகு பேசவே மாட்டார்கள் என்றேன்.

"மிஸ் செல்றாங்க, மாத்தளையப் போல ஊர் ஒலகத்துலயே இல்லயாம். ஒங்கட இடியப்பத்த மறக்க ஏலாதாம்."

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவரைப் பார்த்து முறைக்க முடியாது. நான்தான் ஒன்றும் புரியாதவளாயிற்றே. தலையை ஆட்டி ஆமோதித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாவதாக, இத்தனை நாள் தேக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். இந்த வகுப்பின் முதல் மாணவி இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னேன். அவளைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் என்றேன்.

ஹாஜியாரின் கண் முன்வரிசை முழுக்க ஓடியது. டவுன் பெற்றோர் எல்லாம் அங்கேதான். கெட்ட மனிதர் அல்ல, யாரையும் வருத்தப்படுத்தத் தெரியாதவர். மிளகில் கல் கலந்து கொண்டு வருகிறவரிடம்கூட "கொஞ்சம் பாரமா ஈக்கே" என்று மட்டும்தான் சொல்வார்.

"மிஸ் செல்றாங்க, எல்லாப் புள்ளைகளும் ஒரே மாதிரிக் கெட்டிக்காரங்களாம். யாரும் கூட இல்ல, கொறவும் இல்ல."

கடைசி வரிசையில் அந்தத் தோட்டத்து அம்மா இருந்தார். மகளுடைய பெயர் என் வாயிலிருந்து வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தவர், மொழிபெயர்ப்பைக் கேட்டதும் மெதுவாகச் சாய்ந்தார். பக்கத்திலிருந்த மகளின் பையை எடுத்து மடியில் வைத்து, அதன் வாரை ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தார். இனி வேலையில்லாத பையைச் சுற்றி வைப்பதுபோல இருந்தது எனக்கு.

"இல்ல சார்" என்றேன். "நான் அப்படிச் சொல்லல."

தமிழில்தான் சொன்னேன். துறையூர் பஸ் ஸ்டாண்டில் பேசுகிற அதே தமிழ், அதே சத்தம்.

ஹாஜியாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்ததால் பின்வரிசையைப் பார்த்தே பேசினேன்.

"அம்மா, இந்த கிளாஸ்லயே ஒங்க புள்ளதான் மொத ஆளு. ஏறுதா ஏறலையான்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லணும்னு கேட்டீங்கல்ல? ஏறுது. எல்லாருக்கும் முன்னாடி ஏறுது. எனக்குத்தான் சொல்ல வழியில்லாமப் போச்சு. நிப்பாட்டிராதீங்கம்மா. எங்க வீட்டுல மொதல்ல படிச்ச ஆளு நான். எனக்குத் தெரியும்."

கீழே அன்றும் மிளகு. யாரோ ஒருவர் பெரிதாகத் தும்மினார். உடனே மூலையிலிருந்த பிள்ளைகள் மொத்தமும், பழக்க தோஷத்தில், ஒரே குரலில் "எக்ஸ்கியூஸ் மீ" என்றார்கள்.

முதலில் சிரித்தது சாதிக்காய் வியாபாரியின் மனைவிதான். "அப்பாடா! ஒரு மாதிரி இப்பவாச்சும் மிஸ் வாயத் தொறந்துட்டாங்க. நான் நெனச்சேன், இன்னும் ஒரு வருஷம் இழுப்பாங்கன்னு."

நான் புரியாமல் நின்றேன். இந்தத் தடவை உண்மையாகவே புரியவில்லை.

"மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும்னு ஒங்களுக்கு..." என்று ஹாஜியார் இழுத்தார்.

"மொத மாசமே தெரியும் ஹாஜியார். தெரியாத ஆளு நீங்க மட்டும்தான், எங்களுக்குத் தெரியும்னு." அவர் என் பக்கம் திரும்பினார். "நாங்க பேசுற நேரம் மிஸ்ஸுட கை போர்டுல அப்படியே நிக்கும். நாங்க பேச்ச நிப்பாட்டினா கை ஓடும். சந்தேகம் தீரட்டும்னு ஒரு நாள் தங்கச்சி பல்லின்னு சென்னா. மிஸ் ரெண்டடி நகர்ந்தீங்களே!"

"அன்னைக்குப் பல்லியே இல்ல மிஸ்" என்றார் தோட்டத்து அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு. "கோயில்லயும் நீங்க ரோகிணின்னு சொன்னது காதுல விழுந்துச்சு. நம்ம பக்கத்துப் பேச்சுன்னு அப்பவே நெனச்சேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"எப்படி மிஸ் சொல்றது? சொல்லிக் குடுக்கிற ஆள் மூஞ்சிக்கு நேரா, வேகமாப் பேசுறீங்க, எழுத்து சின்னதா இருக்குன்னு சொல்ல முடியுமா? மரியாதயா அது? இப்படி பெஞ்சுல பேசினா ஒங்களுக்கும் வருத்தமில்ல, எங்களுக்கும் பாவமில்ல. நீங்களும் திருத்திக்கிட்டீங்கதானே?"

எங்கள் அம்மா அப்பாவைத் திட்ட வேண்டுமென்றால் ஆட்டைத் திட்டுவார். சித்திக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அடுப்புக்குச் சொல்வார். நான் ஜாடைப் பேச்சிலேயே பிறந்து வளர்ந்தவள். அதை இங்கே மூன்று மாதம் ஒட்டுக்கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படித்த திமிர் என்று இதைத்தான் சொல்வார்கள் போல. ஒற்றன் வேலை பார்த்தது அவர்கள்.

"புள்ளைகளுக்கும் தெரியுமா?" என்று ஹாஜியார் மெல்லக் கேட்டார்.

"தெரியும் ஹாஜியார்" என்றான் சாதிக்காய் வியாபாரியின் மகன். "மிஸ் கஷ்டப்பட்டு நடிக்கிறாங்க, பாவம். அதனாலதான் நாங்களும் இங்கிலீஷ்லயே பேசினோம்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "அக்கா, கூட்டத்துல என்னப் பத்தி ஏதோ சொல்லணும்னு சொன்னீங்களே?"

"ஓ, அதுவா?" அவர் எழுந்து நின்றார். "எங்கட மகன் கூட்டாளியோட ஒக்கார்ந்து கத அடிக்கிறான். அவன அந்த மொதல் புள்ளைக்குப் பக்கத்துல ஒக்கார வையுங்க. ரெண்டு மாசமா பெஞ்சுல செல்றேன், இத மட்டும் மிஸ் காதுல வாங்கவே இல்ல." பையன் தலையில் கை வைத்தான். அவன் உம்மா ஹாஜியாரைப் பார்த்தார். "வேற யாரையும் கூட்டிட்டு வந்துடாதீங்க. தமிழ வச்சுக்கிட்டு மூணு மாசம் ஒரு சொல்லு விடாம இருந்தாங்களே, இந்தப் பிடிவாதம் எங்கட புள்ளைகளுக்கும் வரட்டும்."

ஹாஜியார் கடிதத்தை எடுத்து, வடைத் தட்டை ஒதுக்கிவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் எண்ணெய்க் கறையோடுதான் அது குடிவரவு அலுவலகத்துக்குப் போனது. தோட்டத்து அம்மா சுற்றி வைத்த பையைப் பிரித்து, மகள் தோளில் மாட்டிவிட்டு, என்னிடம் வந்தார். "அடுத்த ஞாயிறு கொஞ்சம் பிந்தும் மிஸ். பஸ் நேரம் மாறியிருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பேனரை ஹாஜியார் கழற்றவில்லை. புது பேனர் வீண் என்று, 'தமிழோ சிங்களமோ' வரியின் மேல் கடை விளம்பரத்தை ஒட்டிவிட்டார். இப்போது அதில், 'வெளிநாட்டு ஆசிரியை! கராம்பு, ஏலம், மிளகு மொத்தமாகவும் சில்லறையாகவும்!' என்று இருக்கிறது. அப்பா போனில் கேட்டார், "வெள்ளைக்காரங்கல்லாம் நல்லாப் படிக்கிறாங்களா?" என்று. "நல்லாப் படிக்கிறாங்கப்பா" என்றேன். டீக்கடையை நேரில் போய்த்தான் திருத்த வேண்டும்.

எனக்குத் தமிழ் வந்த பிறகு ஒரு கஷ்டமும் வந்தது. பெஞ்ச் ஊமையாகிவிட்டது. "எப்படிப் போகுதும்மா பாடம்?" என்று நானாகக் கேட்டால், "நல்லா இருக்கு மிஸ்", "ஒரு கொறையும் இல்ல மிஸ்" என்கிறார்கள். எவ்வளவு கெஞ்சியும் ஒரு குறை கிடைக்கவில்லை. மூன்று வாரம் நான் சரியாகக் கற்பிக்கிறேனா என்றே தெரியாமல் தவித்தேன்.

நாலாவது வாரம் பெஞ்ச் மறுபடி பேச ஆரம்பித்தது, சிங்களத்தில். சாதிக்காய்க்காரர் மனைவி சரளமாகப் பேச, தோட்டத்து அம்மா தட்டுத்தடுமாறிப் பதில் சொல்கிறார். நடுநடுவே 'மிஸ்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்குகிறது.

இப்போது வகுப்பு முடிந்ததும் என் முதல் மாணவி பத்து நிமிடம் எனக்குச் சிங்களம் கற்றுத் தருகிறாள். அவள் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். போன ஞாயிறு பெஞ்சிலிருந்து 'ஹெமின்' என்றொரு சொல் இரண்டு தடவை கேட்டது. மெதுவாக என்று அர்த்தம், அதற்கு முந்தின வாரம்தான் படித்தேன். நான் எதுவும் தெரியாதவள்போல் போர்டைத் துடைத்தேன். பிறகு அடுத்த பாடத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சு நின்றது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.